பிடியரிசியால் எழுந்த திருச்சபை

மாற்கு எழுதிய நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில், சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்ட, இயேசு அந்தச் சீடர்கள் மேல் சினங்கொண்டு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதிக்கிறார். இரண்டாவதில், கற்பனைகள் எனப்படும் கட்டளைகளையெல்லாம் சிறுவயது முதலே கைக்கொண்டு வந்த செல்வன் ஒருவன் ஓடிவந்து முழங்காலிட்டு நித்திய ஜீவனுக்கு வழி கேட்டுவிட்டு, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி சொல்லப்பட்டதும் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். மத்தேயுவும் லூக்காவும் இந்த வரிசையை மாற்றவில்லை. பிள்ளை மனம் என்றவுடன் களங்கமின்மை என்று பொருள்கொள்வது பிற்கால வழக்கம். முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்தில் பிள்ளை என்பது சொத்தும் சபையில் பேசும் உரிமையும் இல்லாத ஒருவரைக் குறித்தது என்பதை மனத்தில் கொண்டால், காட்ட ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள் உள்ளே போனதையும், காட்டப் பல இருந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டதையும் நற்செய்தியாளர்கள் ஏன் சேர்த்து வைத்தார்கள் என்பது விளங்கும்.

இந்த வரிசை ஒரு நாட்டின் வரலாற்றில் ஏறத்தாழ அப்படியே நடந்தேறியதைக் காண, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான தெலுங்குச் சீமையைப் பார்ப்பது தகும். அங்கே திருச்சபை எந்த வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தது, மக்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், வந்தவர்களிடம் பின்னர் என்ன கேட்கப்பட்டது என்பவற்றைத் தொடர்ந்து பார்த்தால், கதையின் மையத்தில் அரிசி இருப்பது தெரியவரும்.

1841-இல் ராபர்ட் நோபிள் என்ற ஆங்கிலேயக் குரு, சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் ஹென்றி ஃபாக்ஸ் என்பவருடன் மசூலிப்பட்டினத்தில் வந்து இறங்கினார். இன்று மச்சிலிப்பட்டினம் என்று வழங்கும் அத்துறைமுக ஊரில் 1843-இல் அவர் தொடங்கிய பள்ளி, உயர்சாதிச் சிறுவர்களுக்காகவே திட்டமிடப்பட்டது. பறையர், தோல் தொழிலாளர், துப்புரவாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. மேலே உள்ளவர்கள் நம்பினால் கீழே உள்ளவர்கள் தாமே பின்தொடர்வார்கள் என்பது அவரது கணக்கு. அதைக் கபடம் என்று தள்ளிவிட முடியாது. திருமணம் செய்துகொள்ளாமலும், ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமலும் 1865-இல் அவ்வூரிலேயே இறந்த நோபிளின் துறவு மெய்யானது, அவரிடம் படித்துத் திருமுழுக்குப் பெற்ற சிலருடைய உறுதியும் மெய்யானது. ஆயினும் அத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தார்கள். செல்வனுக்காகக் கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகளை வாசலில் நிறுத்திய சீடர்களின் பிழையே அப்பள்ளியின் விதியிலும் இருந்தது என்று சொல்வது கடுமையாக இருக்கலாம், உண்மை அதுதான்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தெலுங்கு ஊர்களின் எல்லைக்கு வெளியே இரண்டு சேரிகள் இருந்தன. மாலர்கள் வயல்வேலை செய்தும் முரட்டுத் துணி நெய்தும் ஊர்க்காவல் புரிந்தும் வாழ்ந்தார்கள். மாதிகர்கள் செத்த மாட்டை அப்புறப்படுத்தி, தோல் பதனிட்டு, செருப்பும் வண்டிக்கும் ஏற்றத்துக்கும் வேண்டிய வார்களும் செய்து, டப்பு என்னும் பறையை அடித்தார்கள். இரு சாராரும் ஊராரால் தீண்டப்படாதவர்கள். அதே சமயம் மாலர் மாதிகரின் கிணற்றில் நீர் எடுக்கமாட்டார், ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணமாட்டார். நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இவர்கள் மேல் வெட்டி சாகிரி என்னும் கூலியில்லாக் கட்டாய வேலையும் சுமத்தப்பட்டிருந்தது. நிலக்கிழாரான தேஷ்முக்கோ அதிகாரியோ ஊருக்கு வந்தால் மூட்டை தூக்கவும் செருப்புத் தைத்துக் கொடுக்கவும் அழைத்த நேரத்தில் போய் நிற்க வேண்டும். அன்றைய அடுப்பு எரியுமா என்பதை யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த மாலர்களில் ஒருவர் ராகவபுரத்தைச் சேர்ந்த பகோலு வெங்கையா. எழுத்தறியாத அவர், எந்த மிஷனரியையும் சந்திக்கும் முன்பே, விக்கிரகங்கள் தெய்வமல்ல, படைத்த ஒரு பெரிய தெய்வம் இருக்க வேண்டும் என்ற சொல்லைக் காதில் வாங்கி, பெயர் தெரியாத அந்தத் தெய்வத்திடம், நீ யார், எங்கே இருக்கிறாய், உன்னை எனக்குக் காட்டு என்ற பொருளில் ஆண்டுக்கணக்கில் வேண்டி வந்தார் என்று திருச்சபை வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. 1859-இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், டார்லிங் என்ற குருவை அவர் சந்தித்தபோது, தேடியது கிடைத்துவிட்டது என்று உடனே தெரிந்துகொண்டார். அதுவரை உயர்சாதியாரிடையே பேசிப் பேசிப் பலன் காணாதிருந்த டார்லிங்கின் நிலையையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்: அவர் போகாத சேரியிலிருந்து, அவர் அழைக்காத மனிதர், குழந்தை தாயைத் தேடுவது போல வந்து நின்றார். வெங்கையாவும் குடும்பத்தாரும் அவ்வாண்டே திருமுழுக்குப் பெற, அவர் வழியாக உறவும் உறவின் உறவும் என்று நம்பிக்கை சேரி சேரியாகப் பரவியது.

ஏழே ஆண்டுகளில் தெற்கே ஓங்கோலில் அதே கதை வேறொரு வகையில் நடந்தது. அமெரிக்க பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் 1866-இல் அங்கே குடியேறியபோது, ஊர்ப் பிராமணர்கள் தங்கள் பிள்ளைகளை அவர் பள்ளிக்கு அனுப்ப முன்வந்தார்கள். யெர்ரகுண்டல பெரியா என்ற மாதிகரும் அவர் கூட்டத்தாரும் சபையில் சேர வந்ததும், அவர்களைச் சேர்த்தால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்ற செய்தி வந்தது. கிளஃபும் அவர் மனைவியும் தனித்தனியே வேதத்தைத் திறக்க, இருவர் கண்ணிலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வல்லவர்களும் பிரபுக்களும் அநேகர் அழைக்கப்படவில்லை என்று பவுல் நினைவூட்டும் பகுதியே பட்டது என்று கிளஃப் தம் வாழ்க்கை நினைவுகளில் சொல்கிறார். மாதிகர்கள் உள்ளே வந்தார்கள். பிராமணப் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

பத்தாண்டு கழித்து 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் வந்தது. கிளஃப் பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் நீளம் வெட்டித் தரும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து எடுத்து, பட்டினியால் வந்தவர்களுக்குக் கூலிவேலை கொடுத்தார்; தம் உபதேசியார்களை, அதாவது குருப்பட்டம் பெறாமல் ஊரூராகக் கற்பித்து ஜெபம் நடத்தும் ஊழியர்களை, மேஸ்திரிகளாக நிறுத்தினார். திருமுழுக்குக் கேட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தவர்களைப் பஞ்சம் தீரும்வரை அவர் சேர்க்கவே இல்லை. கூலிக்காக வருகிறார்கள் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது என்பது காரணம். கூலி கொடுப்பது நின்ற பிறகும் அவர்கள் திரும்பி வந்தார்கள். 1878 ஜூலை 3-ஆம் நாள், குண்டலகம்மா ஆற்றங்கரையில் குருப்பட்டம் பெற்ற ஆறு போதகர்கள் முறைவைத்து நீரில் இறங்கி, ஒரே நாளில் 2,222 பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அரிசிக் கிறிஸ்தவர்கள் என்ற ஏளனப் பெயர் நின்றது. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்பதுதான் அதன் பொருள். இந்த ஏளனத்தைச் சொன்னவர்களில் உண்டு நிறைந்த ஐரோப்பியரும் இருந்தார்கள், ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். பசித்தவன் தேடும் தெய்வம் சோறு தருவதாக இருப்பதில் இழிவு என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி எழுப்பலாம்; இயேசு கற்பித்த ஜெபமே அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கச் சொல்கிறது. ஆனால் அந்த ஏளனத்துக்கு முழுமையான மறுமொழி வாதத்தில் வரவில்லை. அது ஒரு தமிழரின் வழியாக, ஏழைகளின் அடுப்படியிலிருந்தே வந்தது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊர்களில் ஒன்றான வெள்ளாளன்விளையில், ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். பனையேறிகளையே பெரும்பாலும் உறுப்பினராகக் கொண்ட அந்தத் திருச்சபை, பதநீர்க் காலத்தில் காணிக்கை தருவதும், கோயில் கட்டக் கல்லும் சுண்ணாம்பும் சுமப்பதும் பழக்கமான சபை. அசரியா கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளராக 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் கடல் கடந்து இந்தியக் கரையில் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். திருநெல்வேலி தன் பங்காக எதையும் அனுப்பாமல் பிறர் அனுப்புவதை வாங்கிக்கொண்டிருப்பது அவரை உறுத்திற்று. அதன் விளைவாக 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணத்தில், இந்திய ஊழியர்களைக் கொண்டு, இந்தியர் நிர்வாகத்தில் நடத்துவது என்ற கொள்கையை ஏற்ற அச்சங்கம் தேர்ந்துகொண்ட களம், மொழி வேறான, நிஜாம் ஆட்சியில் ரயில் சந்திப்பாக மட்டும் அறியப்பட்ட டோர்ணக்கல். பனங்காட்டுச் சபையின் காசு தெலுங்கு மாலர், மாதிகர் சேரிகளுக்குப் போயிற்று. அசரியாவே 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு கற்று அங்கே குடியேறினார்.

1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், முப்பத்தைந்து வயதே ஆகியிருந்த அவர், மேல்நாட்டு ஊழியரின் தியாகத்தை மனமார ஒப்புக்கொண்டு, அவர்களிடமிருந்து இன்னும் வராதது நட்பு ஒன்றே என்று சொன்னார். உடைமையையும் உடலையும் தந்த மனிதர்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து சமமாக உண்ணும் உறவைத் தரவில்லை என்பது அவர் கருத்தின் சாரம். அவையில் சிலர் புண்பட்டார்கள். சென்னை அத்தியட்சர் ஹென்றி வொயிட்ஹெட் புண்படாதவர்களில் ஒருவர். அத்தியட்சர் என்பது பேராயரைக் குறிக்கும் பழைய திருச்சபைச் சொல். வொயிட்ஹெட்டின் விடாமுயற்சியால் 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா பேராலயத்தில் அசரியா டோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அவருக்குத் தரப்பட்ட திருமண்டலம், அதாவது அத்தியட்சர் ஒருவரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி, காடும் சேரிகளுமாக இருந்தது. தொடக்கத்தில் அவர் கூடாரத்தில் தங்கி, மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் சுற்றினார். கல்லூரிக் கல்வி பெற்ற அவர் மனைவி அன்பு மாரியம்மாள் பெண்களுக்கான பணியைத் தம் பொறுப்பில் கொண்டார்.

இந்தத் திருமண்டலத்தில் வேர்கொண்ட வழக்கங்களில் ஆழமானது பிடியரிசி. தெலுங்கில் பிடிகெடு பிய்யம் என்பார்கள். தமிழ்நாட்டிலும் வழங்குவதுதான், எனினும் அச்சேரிகளில் அதற்கு வந்த பொருள் வேறு. உலை வைக்கப்போகும் பெண், வீட்டில் உள்ள தலைகளை எண்ணி அரிசியோ சோளமோ அளந்து முறத்தில் போடுகிறாள். போட்டதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்பு மூலையில் இருக்கும் சிறு கலயத்தில் இடுகிறாள். வேளைக்கு ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் தலையில் ஏறிக் கோயிலுக்கு வந்து, பொதுக் கூடையில் கவிழ்க்கப்படும். சேர்ந்த தானியம் உபதேசியாரின் சம்பளத்துக்கோ, தம்மிலும் வறிய ஒரு வீட்டுக்கோ போகும். அந்தப் பிடி மிச்சத்திலிருந்து எடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது எல்லாருடைய தட்டிலும் ஒரு வாய் குறைத்து எடுக்கப்பட்டது. குழந்தைகளுக்கும் அது தெரியும், ஏனெனில் கலயத்தில் இடும் வேலையைப் பல வீடுகளில் அவர்களே ஆசையாகச் செய்வார்கள்.

அறுப்பின் பண்டிகை, அதாவது விளைச்சலுக்கு நன்றி கூறிப் படைக்கும் ஆண்டுத் திருநாள், இதன் பெரிய வடிவம். காசு காணாத மக்கள் கோழியும் முட்டையும் பூசணியும் மிளகாயும் நெற்கதிரும் கொண்டுவந்தார்கள். கூலி நெல்லைத் தவிர வேறு உடைமை அறியாதவர்கள், பிறர் வயலில் அறுத்துப் பெற்ற கதிரில் ஒரு கட்டு எடுத்துப் பீடத்தின் முன் வைத்தார்கள்.

ஏழையிடம் காணிக்கை கேட்பது இரக்கமற்ற செயல் அல்லவா என்ற எதிர்ப்பு அசரியாவின் காலத்திலேயே, நல்ல மனம் படைத்தவர்களிடமிருந்தே எழுந்தது. கிறிஸ்தவ ஈகையைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார். ஈகை வழிபாட்டின் ஒரு பகுதி, அதிலிருந்து ஏழையை விலக்குவது அவனை வழிபாட்டிலிருந்து விலக்குவதாகும் என்பதே அவர் போக்கு. இதுவே இக்கட்டுரை முதன்மையாகக் கருதும் கருத்து. தலைமுறை தலைமுறையாக வாங்கும் கையாக மட்டும் வைக்கப்பட்டிருந்த மக்களை, அன்பின் பெயரால் மறுபடியும் வாங்கும் கையாகவே வைத்திருப்பது, சாதியின் ஏற்பாட்டை வேறு பெயரில் தொடர்வதாகவே முடியும். கொடுக்கும்படி ஒருவரைக் கேட்பது, அவரைக் குடும்பத்தில் ஒருவராக எண்ணுவதன் அடையாளம். பள்ளி விதியால் நோபிள் வெளியே நிறுத்தியவர்களை அசரியா உள்ளே அழைத்ததோடு நிற்கவில்லை, வீட்டுக்காரர் ஆக்கினார். கடனும் குடியும் நோயும் அழுக்கும் கிராமத்தைப் பிடித்த நான்கு பேய்கள் என்று அவர் ஓயாமல் சொல்லிவந்ததையும், திருமண்டலத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். கடனில் மூழ்கிய கைக்குக் கொடுக்கும் உரிமை கிடையாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம்பிக்கையைக் கற்பித்த முறையிலும் இதே மதிப்பைக் காணலாம். எழுத்தறியாதவர்கள் பரமண்டல ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் வாய்ப்பாடமாகக் கற்றார்கள். வேதக் கதைகள் தெலுங்குக் கீர்த்தனைகளாகவும் பஜனைகளாகவும் வயலில் நடவு நேரத்திலும் ஒலித்தன. திருமுழுக்கு நாளில், நீரிலிருந்து எழுந்தவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நான் திருமுழுக்குப் பெற்றவன், நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பொருளில் உறுதி கூற வேண்டும் என்று அசரியா ஏற்படுத்தினார். நேற்றுவரை ஊர்த்தெருவில் வாய் திறக்க உரிமையற்றிருந்த ஒருவருக்குக் கிடைத்த முதல் கட்டளை, பேசு என்பது.

இத்தகைய மக்களால் இறையியலைப் புரிந்துகொள்ள முடியுமா என்ற ஐயம் உயர்ந்த இடங்களிலும் இருந்தது. 1936-இல் அமெரிக்க மிஷனரி இயக்கத் தலைவரான ஜான் மாட் வார்தா அருகே சேகாவில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, அரிசனங்களில் சிலருக்கு இயேசுவையும் நபிகளையும் பகுத்தறியும் ஆற்றல் ஒரு பசுவுக்கு இருப்பதைவிட அதிகமில்லை என்ற பொருளில் காந்தி பேசியது அவருடைய இதழிலேயே வெளிவந்தது. பலர் மனம் நொந்து எழுத, தம் சொல்லில் இகழ்ச்சி இல்லை என்று அவர் பின்னர் விளக்கினார். ஆசை காட்டி மதம் மாற்றுவதைப் பற்றி அவருக்கிருந்த கவலைக்கு நியாயம் உண்டு. அதைக் கிளஃப் அறுபது ஆண்டுக்கு முன்பே உணர்ந்து திருமுழுக்கை நிறுத்தி வைத்தார். ஆயினும் வெங்கையாவின் நீண்ட கால வேண்டுதலை அருகிலிருந்து கேட்ட எவரும் அந்த உவமையை எடுத்திருக்க முடியாது. அறிவும் நம்பிக்கையும் ஒன்றையொன்று அளக்கும் கோல்கள் அல்ல என்பதைச் சேரியின் பஜனைக்கூடங்கள் தினமும் காட்டிக்கொண்டிருந்தன. ஊர்ச் சாதியாரில் பலர் 1930-களில் இத்திருச்சபையை நாடி வந்ததற்கு, தம் வயல்களில் வேலை செய்த இம்மக்களின் மாற்றத்தைக் கண்கூடாகக் கண்டது ஒரு காரணமாக அக்காலத்தில் பதிவாயிற்று. வரிசை தலைகீழாயிற்று: மேலிருந்து கீழே இறங்கும் என்று நோபிள் எதிர்பார்த்தது, கீழிருந்து மேலே ஏறியது.

குறைகளை மறைக்க இடமில்லை. ஓங்கோல் பக்கத்து பாப்திஸ்து சபைகள் பெரும்பாலும் மாதிகருடையதாகவும், கிருஷ்ணைக் கரை ஆங்கிலிக்கன் சபைகள் பெரும்பாலும் மாலருடையதாகவும் வளர்ந்ததால், மிஷன்களின் எல்லையே பல இடங்களில் சாதியின் எல்லையாயிற்று. ஒரே திருமண்டலத்துக்குள் இரு சேரிகளும் இருந்த ஊர்களில், திருவிருந்தின் ஒரே கிண்ணத்தில் பருகியவர்கள் வீடு திரும்பியதும் தத்தம் கிணற்றுக்கே போனார்கள். பெண் கொடுத்து எடுப்பது மிக அரிது. கிண்ணம் செய்த வேலையைக் கிணறு ஏற்றுக்கொள்ள மறுத்தது. அசரியா இதற்காக வருந்தினார், கண்டித்தார், முழு வெற்றி காணவில்லை. சபைப் பிரிவுகளைக் களையும் பணியில் அவர் 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய ஒற்றுமைக் கூட்டத்திலிருந்து இறுதிவரை உழைத்ததற்கு, பிரிவுகள் சாதிக்குக் கூரையாகிவிட்டதைக் கண்ணால் கண்டதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1920-களில் அண்டை மாவட்டங்களும் சேர்க்கப்பட்டுத் திருமண்டலம் விரிந்தது. 1935 வாக்கில் சுமார் 250 இந்தியக் குருமாரும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஆசிரியரும் அதில் பணிசெய்தார்கள். எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகள் அவர்களில் பலர். டோர்ணக்கல்லில் எழுந்த எபிபனி பேராலயம், பணம் சேரச் சேரக் கட்டியதால் நீண்ட காலம் இழுத்து, 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மசூதியின் குவிமாடமும் மினாரும் அதன் வெளித்தோற்றத்தில் உண்டு. உள்ளே நுழைந்தால் தென்னிந்தியக் கோயில் மண்டபத்தின் தூண்களும் தாமரை வேலைப்பாடும் கண்ணில் படும். ஊர்க் கோயிலின் கருவறையை மட்டுமல்ல, முன்மண்டபத்தையும் மிதிக்க உரிமையற்றிருந்தவர்கள் அந்தத் தூண்களுக்கு இடையே நடந்து பலிபீடம்வரை போனார்கள். அசரியா 1945 ஜனவரி முதல் நாள் டோர்ணக்கல்லிலேயே காலமானார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கலயங்கள் வழக்கம்போலக் கோயிலுக்கு வந்தன.